ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு சுளை

அந்தக் காலத்தில் பலாப்பழம் பூசணிக்காய் மாதிரி வழவழவென்று இருக்கும். முள் கிடையாது. அறுத்தால் கையில் பால் ஒட்டாது. எண்ணெய்க் கிண்ணத்தைத் தேட வேண்டாம். உள்ளே சுளை என்று ஒன்றும் இல்லை. பானையில் பாயசம் ஊற்றி வைத்தது போல நடுவில் ஒரே பள்ளம். அது நிறைய மஞ்சள் பாகு. கொட்டைகள் எல்லாம் அந்தப் பாகுக்குள் ஒன்றாகக் கிடக்கும்.

மரமும் மிருகமும் அப்போது நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. பழத்துக்குள் கிடக்கிற கொட்டைகூடப் பேசும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அன்றைக்குப் பலாமரம் பூக்கும். சும்மா பூ இல்லை, தாம்பாளம் அகலத்துக்குப் பொன்மஞ்சள் பூ. உச்சியிலிருந்து கீழ்க்கிளை வரை பூவாகத்தான் இருக்கும். அதன் வாசனை மலை அடிவாரம் வரைக்கும் வீசும்.

அப்படி ஒரு மலைச்சரிவில் தேனாயி என்று ஒரு பலாமரம் இருந்தாள். பூவில் அவளை அடித்துக்கொள்ள அந்தக் காட்டில் ஆள் இல்லை. பக்கத்தில் நின்ற செண்பகமரத்துக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். இருந்தாலும் இரண்டு பேரும் தோழிகள். காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை பேச்சு.

அந்த வருஷம்தான் தேனாயிக்கு முதல் பழம். ஒரே பழம். அடிமரத்தில் காம்பு விட்டு, நாளுக்கு நாள் பெருத்து, ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமனுக்கு வந்துவிட்டது. உள்ளே எத்தனை பிள்ளைகள் என்று அவளுக்கே தெரியாது. கேட்டால் சிரிப்பாள். "யாருடி எண்ணிக்கிட்டு இருக்கிறது? வீடு நிறையப் பிள்ளைங்க. அது போதும்."

காலையில் வெயில் இலைமேல் விழுந்ததும் வேலை தொடங்கிவிடும். வேரிலிருந்து தண்ணீரை இழுத்து, இலையில் வைத்துக் காய்ச்சி, பாகாக்கி, காம்பு வழியாகப் பழத்துக்குள் ஊற்றுவாள்.

"எல்லாரும் சாப்பிடுங்க" என்பாள்.

உள்ளே மொச் மொச் என்று சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் விட்டு, "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள்.

"சாப்பிட்டோம்" என்று தேர் இழுக்கிறவர்கள் சத்தம் போடுகிற மாதிரி ஒரே குரலாக வரும்.

அவளுக்கு மனசு நிறைந்துவிடும். அப்புறம் பூவைச் சிலிர்த்துவிட்டு, தேனீக்களை வரவேற்று, செண்பகத்தோடு பேச உட்கார்ந்துவிடுவாள். குறை சொல்ல முடியாது. நேரத்துக்கு ஊற்றினாள், வயிறு நிறைய ஊற்றினாள், ஊற்றிவிட்டுக் கேட்கவும் கேட்டாள். ஒரு தாய் இதற்கு மேல் என்ன செய்வாள்?

ஆனால் உள்ளே நடந்தது வேறு.

பாகு மேலே காம்பிலிருந்துதான் விழும். காம்புக்கு நேர் கீழே இருந்தவன் காம்படியான். மூத்தவன். நல்ல பையன்தான். ஆனால் வாயைத் திறந்தபடியே பிறந்தவன். விழுகிற பாகில் முதல் வாய் அவனுக்கு. அவனைச் சுற்றி இருந்தவர்களுக்கு அடுத்த வாய். அவர்களுக்குக் கீழே இருந்தவர்களுக்கு வழிந்தது. அதற்கும் கீழே இருந்தவர்களுக்குச் சொட்டியது. எல்லாருக்கும் அடியில், பழத்தின் மூக்கு நுனியில் ஒரு குட்டிக் கொட்டை கிடந்தது. அவனுக்கு எப்போதாவது ஒரு ஈரம் வந்து சேரும். அவ்வளவுதான்.

யாரும் அவனைத் தள்ளிவிடவில்லை. யாரும் அவன் பங்கைப் பிடுங்கவும் இல்லை. அவன் அங்கே இருப்பதே மேலே பாதிப்பேருக்குத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று அம்மா கேட்கும்போது அந்தக் குட்டியும் சேர்ந்துதான் "சாப்பிட்டோம்" என்று கத்துவான். பொய் சொல்ல வேண்டும் என்றில்லை. எல்லாரும் கத்தும்போது வாய் தானாகத் திறந்துவிடுகிறது.

ஒருநாள் காலையில் சடச்சி வந்தாள். சடச்சி ஒரு கரடி. முதுகெல்லாம் சடைசடையாகத் தொங்கும் கறுத்த முடி. முதுகில் இரண்டு குட்டிகள்: இடது தோள்பக்கம் மூக்கன், வலது தோள்பக்கம் அவன் தங்கச்சி பேச்சி. அந்தந்தக் குட்டிக்கு அந்தந்த இடம். ஒன்று மற்றதன் இடத்தில் கை வைத்தால் அங்கேயே சண்டைதான்.

"என்னக்கா, பழம் எப்ப விழும்?" என்றாள் சடச்சி.

"வந்துட்டாடி பாரு, நலம் விசாரிக்கிற மாதிரி" என்றாள் தேனாயி. "ஆனி முடிஞ்சு மழை இறங்கும்போது விழும். அதுக்குள்ள நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நிக்காத."

"சும்மா தட்டிப் பாத்துட்டுப் போறேன். தட்டினா குறைஞ்சா போயிடும்?"

காய் விட்டதிலிருந்து இரண்டு பேருக்கும் இது பழகிய பேச்சு. பழம் விழுந்தால் கரடி பாகைத் தின்னும். கொட்டையைக் கொண்டுபோய் எங்காவது போடும். கொட்டைக்கு நடக்கத் தெரியாது, கரடிக்குப் பாகு காய்ச்ச இலை இல்லை. அது பலாமரங்களுக்கும் கரடிகளுக்கும் நடுவே ஒரு ஏற்பாடு. ஆனால் ஒரு சங்கதி உண்டு. மழைக்குள் கொட்டை கொழுத்திருந்தால்தான் மண்ணில் முளைக்கும். வற்றலாய் விழுந்தது மண்ணோடு மண்ணாக மக்கிப் போகும். தாய்மரத்தால் அதற்கு அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

சடச்சி குட்டிகளை இறக்கிவிட்டு, நகத்தை மடக்கிப் பழத்தின் மேல்பக்கம் தட்டினாள். திம். நடுவில் தட்டினாள். திம் திம். அடியில் தட்டினாள்.

கட கட.

அவள் காதை வைத்துக் கேட்டாள். மறுபடி தட்டினாள். கட கட என்று ஏதோ உருண்டது.

"அக்கா, அடியில ஒண்ணு காஞ்சு கிடக்கு."

"என்னது?"

"உன் பிள்ளையில ஒண்ணு. வத்தி உருளுது. சத்தம் கேக்கலையா?"

தேனாயிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "என் வீட்டுல வத்தின பிள்ளை எங்கேடி இருக்கு? நான் பட்டினி போடுறேனா? காலையிலகூடக் கேட்டேன். எல்லாரும் சாப்பிட்டோம்னு சொன்னாங்க. வேணும்னா இப்பக் கேளு." அங்கேயே குரல் கொடுத்தாள். "ஏம்பா, எல்லாரும் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டோம்."

"கேட்டியா?"

"கேட்டேன்" என்றாள் சடச்சி. மாமியார் வீட்டுச் சண்டை மாதிரி இதை வளர்க்க அவளுக்கு மனம் இல்லை. கிளம்புவதற்குக் குனிந்து முதுகைக் காட்டினாள். குட்டிகள் ஏறின.

"மூக்கா?"

"உம். நாங்க ரெண்டு பேரும் ஏறிட்டோம், போம்மா" என்றான் மூக்கன்.

"உன்னை மட்டுந்தான் கேட்டேன். பேச்சி?"

பதில் இல்லை.

"ஏறிட்டாம்மா, நான்தான் சொல்றேனே."

"பேச்சி?"

சடச்சி திரும்பிப் பார்த்தாள். வலது தோளில் யாரும் இல்லை. பேச்சி பத்தடி தூரத்தில் ஒரு புற்றுக்குள் மூக்கை நுழைத்துக் கறையான் உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அப்பவே ஏறினாளே" என்றான் மூக்கன், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

"ஏறி இறங்கிட்டேன்" என்றாள் பேச்சி, வாய் நிறையக் கறையானோடு.

சடச்சி அவளைக் கவ்வி வலது தோளில் போட்டாள். போகும்போது தேனாயியைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டை வச்சுக்கிட்டே நான் படுற பாடு இது. உனக்கு வீடு நிறைய" என்றாள். குத்திச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தத்தான் செய்தது.

அன்றைக்குச் செண்பகம் என்னென்னவோ பேசினாள். தேனாயிக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அந்தக் கட கட சத்தமே கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏய், உன்னைத்தான். எங்க இருக்க?" என்றாள் செண்பகம்.

"இங்கதான். கொஞ்சம் வேலை இருக்கு" என்றாள் தேனாயி.

அவள் பிள்ளைகளை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று பார்த்தாள். கூப்பிட வாய் எடுத்தபோதுதான் தெரிந்தது, ஒருத்தருக்கும் பெயர் வைக்கவில்லை. இதுவரை "பிள்ளைங்களா" என்ற ஒரே சொல்லில் வேலை நடந்திருக்கிறது. சரி, பெயர் இல்லாவிட்டால் இடம் இருக்கிறதே என்று இடத்தைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"காம்படியில இருக்கிறவனே."

"என்னம்மா? எல்லாரும் சாப்பி..."

"எல்லாரையும் கேக்கலப்பா. நீ சாப்பிட்டியா?"

அவனுக்குக் கொஞ்சம் திகைப்பு. இப்படி அவனை யாரும் கேட்டதில்லை. "நானா? நான் சாப்பிட்டேம்மா. நிறையவே."

"அவனுக்கு இடப்பக்கம்?"

"சாப்பிட்டேன். ஆனா எனக்கு இந்தப் பாகு கொஞ்சம் தித்திப்புக் கூடுதல்."

"அடுத்தது?"

"நான் சாப்பிட்டேன். இவன் என் கால்மேல படுத்திருக்கான், அவனை நகரச் சொல்லு."

இப்படியே போயிற்று. ஒரு குரல் கட்டை, ஒரு குரல் கீச்சு, ஒருத்திக்குச் சொன்னதையே சொல்கிற வழக்கம். இத்தனை நாளும் ஒரே இரைச்சலாகக் கேட்டதற்குள் இத்தனை குரல் இருந்ததா என்று தேனாயிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கஷ்டமாகவும் இருந்தது. நடுவயிறு தாண்டியதும் பதில்கள் மாறின. "கொஞ்சம் சாப்பிட்டேன்" என்றது ஒன்று. "நேத்து சாப்பிட்டேன்" என்றது இன்னொன்று. "மேல இருக்கிறவங்க முடிச்சதும் வரும்" என்றது அதற்கும் கீழே இருந்தது.

கடைசியில் அடிக்கு வந்தாள்.

"மூக்கு நுனியில யாரு?"

சத்தம் இல்லை.

"அங்க யாரும் இல்லம்மா" என்றான் மேலிருந்து காம்படியான்.

"அங்க யாரு?" என்று மறுபடி கேட்டாள்.

கொஞ்ச நேரம் போயிற்று. அப்புறம் நூல் மாதிரி ஒரு குரல். "நான்."

"நீ சாப்பிட்டியா கண்ணு?"

"சாப்பிட்டோம்."

"சாப்பிட்டோமா? நீ சாப்பிட்டியா?"

குட்டி யோசித்தான். "எல்லாரும் சாப்பிட்டா நானும் சாப்பிட்ட மாதிரிதானேம்மா. அந்த எல்லாரும்ல நானும் இருக்கேன்."

தேனாயியின் இலைகள் ஒரு காற்றும் இல்லாமல் அசைந்தன.

மறுநாள் பாகு ஊற்றும்போதே சொன்னாள். "மேல இருக்கிறவங்க ஆளுக்கு ஒரு வாய் விட்டுக்கொடுங்க. அது அப்படியே கீழ இறங்கித் தம்பிக்குப் போகட்டும்."

"சரிம்மா" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். மனதாரத்தான் சொன்னார்கள். தம்பி ஒருத்தன் பட்டினி கிடக்கிறான் என்று தெரிந்ததும் காம்படியானுக்கு அழுகையே வந்துவிட்டது. முதல் வாயை அவன் அப்படியே கீழே தள்ளிவிட்டான். அவனுக்குக் கீழே இருந்தவன், "மேலிருந்து இவ்வளவு போகுதே, அது தம்பிக்குப் போதும், நான் விடணும்னு இல்லை" என்று நினைத்து அதில் பாதியைக் குடித்தான். அவனுக்குக் கீழே இருந்தவளும் அதையேதான் நினைத்தாள். கைமாறிக் கைமாறி, மூக்கு நுனிக்கு வந்து சேரும்போது வழக்கம் போல ஒரு ஈரம்தான் மிஞ்சியது.

"தம்பிக்குக் குடுத்தீங்களா?" என்று கேட்டாள் தேனாயி.

"குடுத்தோம்" என்று பதில் வந்தது.

"குடுத்தது யாரு?"

உள்ளே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் அடுத்தவர் கொடுத்திருப்பார் என்ற நம்பிக்கை.

அதற்குள் மேற்கே மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. காற்றில் ஈரவாசனை. காட்டில் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறின. மழைக்கு அதிக நாள் இல்லை. மழை இறங்கினால் காம்பு அறும். காம்பு அறுந்தால் குட்டி அந்த வற்றல் உடம்போடு மண்ணில் விழுவான்.

தேனாயி தன் பூக்களை நிமிர்ந்து பார்த்தாள். பாகு ஒழுகாமல் இருக்க ஒரு பை வேண்டும். மேலே இருக்கிறவன் குடித்தாலும் கீழே இருக்கிறவனுடையது அவனிடமே இருக்க வேண்டும். ஒரே பானையில் ஊற்றிக்கொண்டிருந்தால் அது நடக்காது. தடித்து, வழவழத்து, பாகு தாங்குகிற துணி அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அவள் ஒரு பூவின் இதழைப் பிய்த்தாள்.

"என்னடி பண்ற?" என்று செண்பகம் பதறிப்போனாள். "பைத்தியமா உனக்கு? நாளைக்குத் தேனீ வந்தா என்னத்தைக் காட்டுவ?"

"இலையைக் காட்டுவேன்."

"இலையைப் பாக்கவா அதுங்க வருது? மொட்டையா நிப்படி. ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீ கொஞ்ச நாளைக்கு எனக்கும் சேத்துப் பூத்துக்க."

செண்பகத்துக்கு வாய் அடைத்துவிட்டது. இத்தனை வருஷமாக மனதுக்குள் வேண்டிக்கொண்டது இப்படிக் கையில் வந்து விழுந்தால் யாருக்குத்தான் பேச்சு வரும்?

தேனாயி அந்த முதல் இதழைக் காம்பு வழியாக உள்ளே இறக்கினாள். காம்படியான் தனக்குத்தான் என்று வாயைத் திறந்தான்.

"உனக்கு அப்புறம். இன்னைக்கு அடியிலிருந்து பரிமாறப் போறேன்" என்றாள்.

இதழை இறக்கி இறக்கி மூக்கு நுனிக்குக் கொண்டுபோனாள். குட்டியைச் சுற்றிப் போர்த்தினாள். குளிப்பாட்டிய பிள்ளையைத் துண்டில் சுற்றுகிற மாதிரி, தலை முதல் கால் வரை. அந்தப் பைக்குள் பாகை நிரப்பினாள். வாயை இறுக்கிக் கட்டி, அவிழாமல் இருக்கத் தன் பட்டையிலிருந்து பிசுபிசுப்பான பாலை எடுத்து ஒட்டினாள். கட்டின முடிச்சின் நுனியைத் தோலுக்கு வெளியே கூராக இழுத்துவிட்டாள். வெளியிலிருந்தே தடவிப் பார்த்து, "இது நீ" என்று சொல்ல வேண்டுமே, அதற்காக.

உள்ளே குட்டி முதல் தடவையாக வாய் நிறையக் குடித்தான். மொச் மொச் என்று அவனுடைய சத்தம் தனியாகக் கேட்டது.

அப்புறம் அடுத்தவளுக்கு. அதற்கு அடுத்தவனுக்கு. கீழிருந்து மேலே, ஒரு இதழ், ஒரு பை, ஒரு முடிச்சு. கடைசியாகக் காம்படியானுக்கு வந்தபோது அவன் பசியில் அழுதுகொண்டிருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் காத்திருந்தான், பாவம். "எனக்கு இருக்காம்மா?" என்று கேட்டான். "உனக்கும் ஒண்ணு இருக்கு" என்று அவனையும் போர்த்திவிட்டாள்.

எல்லாருக்கும் ஆயிற்று என்றுதான் செண்பகம் நினைத்தாள். ஆனால் தேனாயி நிறுத்தவில்லை. மிச்சம் இருந்த சின்னச் சின்ன இதழ்களையும் பிய்த்தாள். பிள்ளைகளுக்கு நடுவே வெற்றிடமாகக் கிடந்த ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை வைத்தாள். இதழ் போதவில்லை. நார் நாராகக் கிழித்து வைத்தாள். அவற்றுக்கும் ஒவ்வொரு முடிச்சைப் போட்டு வெளியே இழுத்துவிட்டாள்.

"அங்கதான் ஆளே இல்லையே. அதுக்கு எதுக்குடி?" என்றாள் செண்பகம்.

"ஆள் இல்லைன்னு யாரு சொன்னா? சத்தம் இல்லை, அவ்வளவுதான்."

"இருந்தா பேச மாட்டாங்களா?"

"இவன் பேசினானா?" என்றாள் தேனாயி.

செண்பகம் தன் பூவிலிருந்து ஒரு இதழை உதிர்த்து, "வேணும்னா இதையும் வச்சுக்க. சின்னதுதான்" என்றாள்.

பொழுது சாயும்போது தேனாயியின் உடம்பில் ஒரு பூ இல்லை. பச்சை இலை மட்டும். மறுநாள் வந்த தேனீக்கள் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, வழி தவறி வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று செண்பகத்துக்குப் போய்விட்டன. தேனாயிக்கு அது வலிக்காமல் இல்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்கு நேரமில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ சாப்பிட்டியா? நீ? நீ?" காற்றும் வெயிலும் பட்டு அந்த முடிச்சுகள் காய்ந்து முள்ளாக இறுகின.

மழை இறங்கப்போகிற அன்று சடச்சி வந்தாள்.

"அக்கா, எங்க போச்சு உன் பூவெல்லாம்?"

"உள்ள வச்சிருக்கேன்."

சடச்சி பழத்தைத் தட்டப் போய், "அய்ய, என்ன இது முள்ளு" என்று கையை உதறினாள். பிறகு பதமாகத் தட்டினாள். மேலே திம். நடுவில் திம். அடியில் காதை வைத்துத் தட்டினாள்.

திம்.

"உருளலையே" என்றாள்.

"உருளாது" என்றாள் தேனாயி.

அன்று சாயங்காலமே மழை இறங்கியது. காம்பு அறுந்து பழம் தொப்பென்று விழுந்தது. சடச்சி நகத்தைப் போட்டுப் பிளந்தாள். பிளந்ததும் அந்தக் காடு முழுக்க வாசனை அடித்தது. பூவில் இருந்த அத்தனை வாசனையும் பழத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தது. மூக்கன் பழைய வழக்கத்தில் முகத்தைப் பாகுக்குள் முக்கப் பார்த்தான். முக்குவதற்கு அங்கே பள்ளம் எங்கே? மஞ்சள் மஞ்சளாகப் பைகள். ஒவ்வொரு பையையும் தனித்தனியாகப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. மீசையெல்லாம் பால் ஒட்டிக்கொண்டது.

"இந்தா மூக்கா, உனக்கு ஒண்ணு. பேச்சி, உனக்கு ஒண்ணு" என்று சடச்சி எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் சுளையைத் தின்று கொட்டையைத் துப்பினார்கள்.

முன்பெல்லாம் மற்ற பலாமரங்களின் பழத்தைக் கரடிகள் பாகாக உறிஞ்சிவிட்டுக் கொட்டையை எல்லாம் ஒரே இடத்தில் குவித்துவிட்டுப் போகும். குவியலில் ஒன்று முளைக்கும், மற்றது அதன் நிழலில் சாகும். இப்போது அப்படி நடக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே நடந்ததால், ஒரு கொட்டை பாறை ஓரத்தில் விழுந்தது, ஒன்று மூங்கில் புதர் பக்கத்தில், ஒன்று மேட்டில், ஒன்று பள்ளத்தில். கொட்டைக்கு ஒரு இடம் கிடைத்தது.

மழையெல்லாம் ஓய்ந்து வெயில் வந்த பிறகு சடச்சி அந்தப் பக்கம் வந்தாள். தேனாயி காத்திருந்தாள். மரத்தால் போய்ப் பார்க்க முடியாது. கேட்கத்தான் முடியும்.

"பிள்ளைங்க எல்லாரும் நல்லா இருக்காங்க அக்கா" என்றாள் சடச்சி, உட்கார்ந்துகொண்டே.

தேனாயி அவளையே பார்த்தாள்.

சடச்சி சிரித்துவிட்டாள். "சரி, சரி. கேளு."

"காம்படியான்?"

"பாறை ஓரம். முழங்கால் உயரம். இப்பவே பக்கத்துச் செடி மேல சாயுறான்."

"தித்திப்புக் கூடுதல்னு சொல்லுவாளே, அவ?"

"மூங்கில் பக்கத்துல. நாலு இலை."

"அண்ணன் கால்மேல படுத்திருந்தவன்?"

சடச்சி தரையைப் பார்த்தாள். "அவனை எலி தின்னுட்டுது அக்கா."

தேனாயியிடமிருந்து ஒரு பழுத்த இலை உதிர்ந்தது. பிறகு அடுத்ததைக் கேட்டாள். அதற்கு அடுத்ததையும் கேட்டாள். வெயில் உச்சிக்கு ஏறியது. மூக்கன் தூங்கிவிட்டான். சடச்சி அலுத்துக்கொள்ளவில்லை; தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள்.

கடைசியில் ஒருத்தன்தான் பாக்கி. அவனைக் கேட்கத் தேனாயிக்குப் பயம். கேட்காமல் விட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. பிறகு கேட்டாள்.

"மூக்கு நுனியில இருந்தவன்?"

பதில் சொன்னது பேச்சி. "அது எனக்குக் குடுத்தது. கடைசிச் சுளை. வாயில வச்சுக்கிட்டே அம்மா முதுகுல தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா வாயில கொட்டையைக் காணோம்."

"எங்க விழுந்துச்சு?" என்று கேட்டாள் தேனாயி.

"தேடிக்கிட்டுப் போனோம் அக்கா" என்றாள் சடச்சி. "ஓடை வளையுற இடம் இருக்குல்ல, கருமண்ணு, நாள் முழுக்க ஈரம். அங்க நிக்கிறான். ரெண்டே இலை. சின்ன இலைதான். ஆனா நிமிந்து நிக்கிறான்."

"அவன்கிட்ட ஏதாவது கேட்டியா?"

"சாப்பிட்டியான்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"'சாப்பிட்டேன்'னு சொன்னான்" என்றாள் சடச்சி.

இப்போது நாம் பார்க்கிற பலாமரமெல்லாம் அந்தப் பிள்ளைகளின் வழிவந்தவைதான். பலாமரம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பூக்காமல் போனதும், பழம் முள்ளாகி, கையில் பால் ஒட்டத் தொடங்கியதும் அந்த மழையிலிருந்துதான். இன்றைக்கும் வெளியே எத்தனை முள்ளோ உள்ளே அத்தனை இடம். ஆள் இருக்கிற இடத்தில் சுளை, சத்தம் இல்லாத இடத்தில் நார். பழம் அறுத்த வீட்டில் சுளையைத் தட்டில் கொட்டி "எல்லாரும் எடுத்துக்குங்க" என்று சொல்லாமல், ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கடைக்குட்டியில் தொடங்கிக் கையில் கொடுக்கிற பழக்கம் நமக்கு வந்ததும் அன்று முதல்தான்.